அடாப்டரும் வாத்தியத்தின் உறுப்புதான்



எலெக்ட்ரானிக் வாத்தியங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். சுருதிப் பெட்டி, கீபோர்டு, ரிதம் பேட், கிடார்க்காரர்கள் காலால் மிதிக்கும் பெடல், சின்ன மிக்ஸர் என்று எது வந்தாலும் உடனே திருப்புளியை எடுத்துவிட மாட்டேன். "அடாப்டர் கொண்டுவந்திருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். "அது வீட்ல இருக்கு. கோளாறு பெட்டியிலதானே, அது எதுக்கு?" என்பார்கள். இன்றைக்கு நான் பேசப்போவது அந்தப் பதிலைப் பற்றித்தான். கருவி வேறு, அதற்கு மின்சாரம் கொடுக்கும் கருப்பு டப்பா வேறு என்று நாம் பழகிவிட்டோம். செய்து விற்பவர்களிலும் பலர் அப்படியே நினைக்கிறார்கள். மிருதங்கத்துக்கு வார் வேறு என்று யாராவது சொல்வோமா?

சில ஆண்டுகளுக்கு முன் பாட்டு டீச்சர் ஒருவர் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியோடு வந்தார். ஐந்து கட்டையில் பாடுபவர். "சுருதி ஆடுதுங்க. அலை அலையா வருது. பிள்ளைங்களுக்கு ஷட்ஜம் நிக்கவே மாட்டேங்குது" என்றார். என் மேசையில் இருக்கும் சப்ளையில் மாட்டிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை, அசையாமல் நின்றது. மறுநாள் வீட்டு அடாப்டரை எடுத்துவரச் சொன்னேன். அதை மாட்டிய நொடியில் எனக்கும் அந்த அலை கேட்டது.

ஏன் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வித்வான்களும் இசை ஆசிரியர்களும் கூடியிருக்கும் இந்த அவையோடு இது நேரடியாகத் தொடர்புள்ளது.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைந்து திரும்புகிறது. பழைய வகை அடாப்டருக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். அது 230 வோல்ட்டை ஒன்பதுக்கோ பன்னிரண்டுக்கோ இறக்கும். அடுத்து நிற்கும் டயோடுகள், கீழே போகும் பாதி அலையையும் மேல் பக்கமாக மடக்கிவிடும். மடக்கிய பிறகு நொடிக்கு 100 மேடுகள் கிடைக்கும். அந்த மேடுபள்ளத்தை நிரவித் தட்டையாக்குவது கெபாசிட்டரின் வேலை. கெபாசிட்டர் சிறியதாக இருந்தாலோ, வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து காய்ந்துபோனாலோ நிரவல் அரைகுறையாகிவிடும். மிச்ச மேடுபள்ளம் கருவிக்குள் நுழைந்து, ஸ்பீக்கர் வழியாக "ம்ம்ம்" என்று வெளியே வரும். அது 100 ஹெர்ட்ஸோடு நிற்பதும் இல்லை. 200, 300 என்று மடங்கு மடங்காகக் கூடவே ஒலிக்கும்.

இப்போது ஐந்து கட்டைக்கு வாருங்கள். ஒரு கட்டை சி என்றால் ஐந்து கட்டை ஜி. பெண்குரலுக்கு வைக்கும் அந்த ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அடாப்டர் இரைச்சலின் இரண்டாம் மடங்கு 200. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது, இடைவெளி நான்கு என்பதால், ஓசை நொடிக்கு நான்கு முறை ஏறி இறங்கும். தம்பூரா மீட்டிச் சுருதி சேர்க்கும்போது இரண்டு சாரணித் தந்திகள் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி நின்றால் வரும் அதே அலை. டீச்சரின் காது துல்லியமாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த வகுப்பறையில் இரண்டு ஷட்ஜங்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. ஒன்று பெட்டியிலிருந்து வந்தது. மற்றது சுவரிலிருந்து, அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு தூக்கலாக வந்தது.

நான்கு கட்டையிலோ ஆறு கட்டையிலோ பாடியிருந்தால் அது வெறும் இரைச்சலாகத் தனியே தெரிந்திருக்கும், உடனே கவனித்திருப்பார்கள். ஐந்து கட்டையில் மட்டும் அது சுருதிக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. பத்து வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் அந்த ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே சரளி வரிசை பாடினால் அதன் காது எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதை இங்கே இருக்கும் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அதனால்தான் இதைச் சில்லறைச் சங்கதி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

டிரான்ஸ்பார்மர் அடாப்டர் இப்போது எங்கே வருகிறது, எல்லாம் லேசான டப்பாவாக மாறிவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். கருவி அணைந்திருந்தாலும் டிரான்ஸ்பார்மர் சும்மா சூடாகிக்கொண்டே மின்சாரம் குடிக்கும். அதைத் தடுக்க அமெரிக்காவில் 2008இல் ஒரு விதியும், 2016இல் அதைவிடக் கடுமையான ஆறாம் நிலை விதியும் அமலுக்கு வந்தன. உங்கள் அடாப்டரின் முதுகில் ரோமன் எழுத்தில் வி, விஐ என்று போட்டிருப்பது அந்த நிலையைத்தான். நல்ல விதி, நான் குறை சொல்லவில்லை. அந்த விதிகளுக்கு டிரான்ஸ்பார்மரால் ஈடுகொடுக்க முடியாததால் சுவிட்ச்-மோடு வகை அந்த இடத்தைப் பிடித்தது. இது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அளந்து கொடுக்கும். தரமாகச் செய்தால் அமைதியாக இருக்கும். வடிகட்டும் பாகங்களில் கைவைத்துக் காசு மிச்சம் பிடித்தால், "ம்ம்ம்" போய் "ஈஈஈ" என்று கொசு மாதிரி ஒரு சத்தம் வரும். பதிவுக்கூடத்தில் ஹெட்போன் போட்டு உட்காருபவர்களுக்கு இந்தக் கொசு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டே பின் உள்ள சுவிட்ச்-மோடு அடாப்டரில், அந்த வெட்டும் இரைச்சலை அடக்குவதற்காக 230 வோல்ட் பக்கத்துக்கும் கருவிப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு கெபாசிட்டரை வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். எர்த் இல்லாத இடத்தில் கருவியின் உலோகப் பாகத்தைத் தொட்டால் எறும்பு ஊர்வது போல விரலில் தெரியும். கிடார் தந்தியில் தெரியும், மைக்கின் வலையில் உதடு பட்டாலும் தெரியும். அளவுக்குள் இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தெரிவது இந்தக் கசிவா, உண்மையான ஷாக்கா என்று மேடையில் நிற்பவரால் எப்படிப் பிரித்தறிய முடியும்? ஆகவே ஊர்வது தெரிந்தால் உடனே கருவியைக் கழற்றுங்கள், மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மூன்றாவது பின் வழியாக எர்த் உண்மையிலேயே போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கல்யாண மண்டபங்களில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டையின் பின்னால் ஒயரே இருக்காது. நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கடையில் நான் அதிகம் வருந்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு தம்பி வந்தான். கல்லூரிப் படிப்பின் கடைசி வருடம். மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்து, சேர்த்துவைத்த பணத்தில் ஒரு பெடல் வாங்கியிருக்கிறான். வரவேற்பு நிகழ்ச்சி முடிந்து சாமான் ஏற்றும்போது அடாப்டர் தொலைந்துவிட்டது. கடைக்குப் போய், "ஒன்பது வோல்ட் அடாப்டர்" என்று கேட்டு வாங்கினான். பிளக் கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்ச் போட்டான். "ஒரு வாசனை வந்துச்சுண்ணே, அவ்வளவுதான்" என்றான். அவன் செய்த தவறு என்று அதில் ஒன்றுமே இல்லை. பொருந்துகிற பிளக்கைப் பொருத்தினான்.

அந்த உருளைப் பிளக்கில் இரண்டு முனைகள். உள்ளே நடுத்துளை ஒன்று, வெளி உலோகம் இன்னொன்று. பெடல்களில் நடுமுனை நெகட்டிவ், வெளிமுனை பாசிட்டிவ். பெரும்பாலான வேறு சாதனங்களில் நேர்மாறு, நடு பாசிட்டிவ். பிளக்கின் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான்: வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்துளை 2.1 மில்லிமீட்டர். பார்வைக்கு வித்தியாசமே கிடையாது.

பெடல்காரர்கள் ஏன் இப்படித் தலைகீழாக வைத்தார்கள்? காரணம் இருக்கிறது, அது கெட்டிக்காரத்தனமான காரணமும்கூட. முதலில் பெடல்கள் ஓடியது, டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காக வந்த அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியில். பிறகு அடாப்டருக்கும் வழி செய்தபோது, அடாப்டரைச் செருகியதும் பேட்டரி தானாகத் துண்டிக்கப்பட வேண்டியிருந்தது. மலிவாகக் கிடைத்த ஜாக்கில் அப்படித் துண்டிக்கும் சுவிட்ச் வெளிமுனைப் பக்கம்தான் இருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் ஏற்கெனவே கிடார் ஒயர் செருகும் ஜாக் வழியாகப் போகிறது. கிடாரைக் கழற்றினால் பேட்டரி அணைவதற்கான ஏற்பாடு அது. மிச்சம் இருப்பது பாசிட்டிவ். அதை வெளிமுனைச் சுவிட்ச் வழியாக விட்டார்கள். நடு நெகட்டிவ் ஆனது. பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல்கள் 1977இல் வரத் தொடங்கி உலகெங்கும் பரவின. மற்றவர்களும் பெருமளவு அதே வழியில் போனார்கள். இன்றைக்குப் பேட்டரி போடும் இடமே இல்லாத பெடல்களிலும் நடு நெகட்டிவ்தான்.

அதே பாஸ் பெடல்களிலேயே இன்னொரு குழப்பம் உண்டு. பழைய பெடல்கள் சில ஏசிஏ என்ற அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. அதில் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் வோல்ட்டேஜைக் கட்டிப் பிடிக்கும் சுற்று கிடையாது, பளு குறைவாக இருந்தால் 12 வோல்ட் வரை ஏறும். அதைக் குறைப்பதற்குப் பெடலுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டரையும் டயோடையும் வைத்தார்கள். பிறகு வந்த பிஎஸ்ஏ அடாப்டர் சரியாக 9 வோல்ட் கொடுப்பது. பழைய பெடலில் புது அடாப்டரைச் செருகினால் விளக்கு மங்கும், ஓசை சோரும், பெடல் கெட்டுவிட்டது என்று தோன்றும். அப்படித் தோன்றி வந்த பெடல்களை நான் திறந்து பார்த்திருக்கிறேன். ஒரு குறையும் இருக்காது. எழுத்து 9 வோல்ட், பிளக் ஒன்று, துருவம் ஒன்று, நிறுவனமும் ஒன்று. இருந்தும் பொருந்தாது.

இதைவிட ஆபத்தானது, அதே உருவப் பிளக்கில் ஏசி வருவது. அறையைக் குளிரவைக்கும் ஏசி அல்ல, திசை மாறும் மின்சாரம். லைன் 6 நிறுவனத்தின் டிஎல்4 என்ற பச்சைநிற டிலே பெடலைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதன் முதல் வடிவத்துக்கு வேண்டியது 9 வோல்ட் ஏசி. அலேசிஸ் நிறுவனத்தின் பழைய எஃபெக்ட் பெட்டிகளுக்கும் அப்படித்தான். கருவிக்குள் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு வகை வோல்ட்டேஜும் தேவைப்படும்போது ஏசியாக உள்ளே வாங்கிக்கொண்டால் அவற்றைச் செய்வது எளிது. பொறியியலில் தவறில்லை. ஆனால் அந்த 9 வோல்ட் ஏசி அடாப்டரை டிசி பெடலில் ஒருவர் செருகிவிடுவதைத் தடுக்க அந்தப் பிளக்கில் எந்த ஏற்பாடும் இல்லை.

ஒரே கடையில் வாங்கிய கீபோர்டுகளுக்குள்ளும் இதே கதைதான். யமஹாவில் பிஏ-150 அடாப்டர் 12 வோல்ட், பெரிய மாடல்களுக்கான பிஏ-300 அடாப்டர் 16 வோல்ட். காசியோவில் 9, 9.5, 12, 24 என்று மாடலுக்கு மாடல் மாறும். கோர்க் நிறுவனத்தின் வோல்கா என்ற சின்னச் சின்த் பெட்டிகளும் 9 வோல்ட்தான், ஆனால் நடு பாசிட்டிவ், பிளக்கும் சிறியது. அதைப் பெடல் அடாப்டரில் மாட்டப் பார்த்தால் நுழையாது. நுழையாமல் போவது ஒரு வகையில் நல்லதுதான். நுழைந்து எரிப்பதைவிட நுழையாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

இந்த இடத்தில் ஆம்பியர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலருக்கும் பயம் தவறான பக்கத்தில் இருக்கிறது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். தொட்டியிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் வர முடியும் என்பது அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர். உயரம் கூடினால் குழாய் வெடிக்கும். வரத்து அதிகம் இருந்தால் ஒன்றும் ஆகாது, குழாய் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வரத்து போதாவிட்டால்தான் சிக்கல். 500 மில்லிஆம்பியர் கேட்கும் கருவிக்கு 2 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போடலாம். 300 மில்லிஆம்பியர் அடாப்டரைப் போட்டால், மெதுவாக வாசிக்கும்வரை கீபோர்டு ஓடும், வால்யூம் ஏற்றி இரண்டு கையையும் வைத்ததும் அணைந்து அணைந்து எரியும். பாட்டின் நடுவில் கீபோர்டு தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொண்டு, போட்டுவைத்த டோனையெல்லாம் மறந்து பியானோவில் வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உள்ளேயே சப்ளையை வைத்துவிட்டால் என்ன, வெளியே எதற்கு ஒரு டப்பா? நியாயமான கேள்வி. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, இங்கே 230. கருவியை ஒரே மாதிரி செய்து, ஊருக்கேற்ற அடாப்டரை மட்டும் பெட்டியில் வைத்தால் போதும். 230 வோல்ட் உள்ளே வராத கருவிக்குப் பாதுகாப்புச் சோதனைகளும் குறைவு. ஐரோப்பாவின் குறைமின்னழுத்த விதிமுறையே 50 வோல்ட் ஏசி, 75 வோல்ட் டிசி என்ற அளவிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே ஓடும் கருவி அந்த விதிக்குள் வராது. நம் நாட்டிலும் மின்னணுப் பொருட்களுக்கான 2012ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையில், இந்தியத் தரநிர்ணய அமைப்பின் சோதனைக்கு உட்பட வேண்டிய பொருட்களில் அடாப்டர்கள் பின்னர் தனியாகச் சேர்க்கப்பட்டன. சோதனை அடாப்டருக்கு நடந்தால் போதும் என்றால், ஏற்கெனவே தேறிய அடாப்டர் ஒன்றை வாங்கிப் பெட்டியில் போடுவது உற்பத்தியாளருக்கு எளிது. டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் கருவியின் நுண்ணிய பாகங்களுக்கு எட்டாமல் தள்ளி நிற்பதும் உண்மையான நன்மை.

இந்தக் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த நன்மைகளெல்லாம் தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடுகின்றன. கருவியோடு பல வருடம் வாழப்போகிறவர் சுமப்பது மிச்சத்தை.

நமது சுவர் சாக்கெட்டின் துளைகள் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருண்டைப் பின்னுக்காகச் செய்தவை. பல அடாப்டர்களில் வருவது 4 மில்லிமீட்டர் ஐரோப்பியப் பின். உள்ளே தளர்வாக ஆடும். அடாப்டரின் மொத்த எடையும் அந்த இரண்டு மெல்லிய பின்களில் தொங்குகிறது. மேடைப் பலகை அதிர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், பொறி பறக்கும், ஸ்பீக்கரில் "டப் டப்" என்று கேட்கும். ஜங்ஷன் பாக்ஸில் செருகினாலோ அதன் உடம்பு பக்கத்துச் சாக்கெட்டையும் மூடிக்கொள்ளும். ஆறு சாக்கெட் உள்ள பெட்டியில் மூன்று அடாப்டர்தான் போகும். அதனால் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டி, அதிலிருந்து இன்னொன்று என்று தொடர் நீளும். அந்தத் தொடரின் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டிருக்கும் பாடகர்.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ ஆசையாக வாங்கி அனுப்பும் கீபோர்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். அதோடு வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். "100-240" என்று எழுதியிருந்தால் கவலையில்லை. "120" என்று மட்டும் இருந்தால் சுவரில் செருகாதீர்கள். 120 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் 230ஐத் தாங்காது. விரைவிலேயே கொதிக்கும், சுருளுக்குள் புதைத்திருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்துவிடும். அந்த ஃபியூஸ் ஒருமுறைதான் காப்பாற்றும். அறுந்த பின் அடாப்டர் குப்பைதான். கருவி பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. பெற்றோர் அது தெரியாமல், பிள்ளை அனுப்பியது போய்விட்டதே என்று வருந்திக்கொண்டிருப்பார்கள். ஒரு வருடம் அலமாரியில் கிடந்த கீபோர்டை இங்கே வாங்கிய அடாப்டரில் ஓட்டிக் காட்டியபோது ஒரு அம்மா கண் கலங்கிவிட்டார்.

இதெல்லாம் தீராத சிக்கல் இல்லை. இதே இசைக்கருவித் தொழில் இதைவிடக் கடினமானவற்றைத் தீர்த்துவைத்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆதங்கம்.

1966இல் நார்வே வானொலி நிறுவனத்துக்காக நோய்மன் நிறுவனம் புதுவகை மைக் செய்தது. மைக்குக்குத் தனியாக சப்ளைப் பெட்டி வேண்டாம், ஒலி வரும் அதே ஒயரிலேயே மின்சாரம் போகட்டும் என்று தீர்மானித்தார்கள். அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்த 48 வோல்ட் பிறகு உலகத் தரமாயிற்று. இன்று எந்த நாட்டு மைக்கையும் எந்த நாட்டு மிக்ஸரிலும் செருகி, "ஃபான்டம்" என்ற பொத்தானை அழுத்துகிறோம். யாரும் துருவம் பார்ப்பதில்லை, எந்தப் பையிலும் அடாப்டர் தேடுவதில்லை.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த "நாம்" (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் பிராஃபெட்-600ஐயும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-6ஐயும் ஓர் ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்கள் இரண்டு. ஒன்றில் வாசித்ததை மற்றொன்று கேட்டு ஒலித்தது. டேவ் ஸ்மித்தும் இகுட்டாரோ காக்கேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய மிடி என்ற அந்தத் தரத்துக்கு ஐந்து பின் கொண்ட ஒரே பிளக். நாற்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. அன்று செய்த கீபோர்டை இன்று செய்த கருவியோடு இணைக்கலாம், வேலை செய்யும். ஐந்து பின் வழியாகப் போகும் செய்தியின் ஒவ்வொரு எழுத்தையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தவர்கள், அதே கருவியின் முதுகில், இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும் மின்சாரத் துளையைப் பற்றி அப்படி உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வரவில்லை. அந்த நாள் கீபோர்டுகளில் மிடி இன்னும் பேசுகிறது. அடாப்டர் தொலைந்துபோனவை மூலையில் கிடக்கின்றன.

மின்சாரத் துளைக்கும் ஒரு நல்ல ஏற்பாடு ஜப்பானில் இருந்தது. மின்னணுத் தொழில் சங்கம் வகுத்த பிளக் தரம் அது. வோல்ட்டேஜை ஐந்து வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவுப் பிளக் கொடுத்தார்கள். 6.3 வோல்ட் வரை ஓடும் கருவியின் துளையில் 12 வோல்ட் பிளக் நுழையவே நுழையாது. படிக்கத் தெரியாதவரும் தவறு செய்ய முடியாத ஏற்பாடு. இசைக்கருவித் தொழில் முழுவதும் அதன் பின்னால் வந்திருந்தால் அந்தத் தம்பியின் பெடல் இன்று பாடிக்கொண்டிருக்கும்.

இப்போது யூஎஸ்பி-சி வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்கும் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், கையில் எடுத்துச் செல்லும் ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் அதே துளை இருந்தாக வேண்டும். பட்டியலில் கீபோர்டு என்ற சொல்லும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் நான் ஆவலாகப் படித்தேன். அது கணினியில் தட்டச்சு செய்யும் கீபோர்டு. இசைக்கருவி பட்டியலில் இல்லை.

சட்டம் சொல்லாவிட்டாலும் சில நிறுவனங்கள் தாமாகவே மாறி வருகின்றன. அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். யூஎஸ்பி-சியில் கருவி தனக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று அடாப்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. 5, 9, 15, 20 என்ற படிகளில் கொடுக்கும். கேட்காமல் உயர்ந்த வோல்ட் வராது, துருவம் மாறவும் வழியில்லை. இசைக்கருவிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு நம் காலத்தில் வரவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். துளையை மட்டும் சி வடிவில் வைத்துவிட்டு, கேட்டு வாங்கும் அந்தச் சிறு சுற்றை விட்டுவிடும் மலிவுக் கருவிகளும் சந்தையில் இருக்கின்றன. இரண்டு முனையிலும் சி உள்ள ஒயரில் அவை ஓடவே ஓடாது. வாங்கும்போது கடையிலேயே அப்படி ஓர் ஒயரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கருவி செய்பவர்களிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. துளைக்குப் பக்கத்தில் வெறுமனே "டிசி இன்" என்று போடாமல், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், நடுமுனை எது என்பதைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அழியாமல் அச்சிடுங்கள். அடாப்டர் தனியாக விற்பனைக்குக் கிடைக்கட்டும், கருவியை நிறுத்திய பிறகும் கிடைக்கட்டும். துருவம் மாற்றிக் கொடுத்தால் கருவி வேலை செய்யாமல் இருக்கட்டும், எரிந்து போக வேண்டாம்; அதற்கு வேண்டிய பாகம் ஒரே ஒரு டயோடு. இதைக் கடிதமாக எழுதுங்கள். ஒவ்வொரு கருவி வாங்கும்போதும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். பாட்டு வகுப்புகள் சேர்ந்து சொன்னால் அதற்கு எடை இருக்கிறது. நம் ஊரில் சுருதிப் பெட்டி இல்லாத பாட்டு வகுப்பு ஏது?

நம் வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. கருவி வாங்கிய அன்றே அதன் பெயரை அடாப்டரில் எழுதி ஒட்டுங்கள், அடாப்டரின் அளவுகளைக் கருவியின் அடிப்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். இரண்டும் பிரிந்தாலும் ஒன்று மற்றதைத் தேடிக்கொள்ளும். ஒயரை டப்பாவைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள்; ஒயர் டப்பாவை விட்டு வெளிவரும் கழுத்துப் பகுதியில்தான் முதலில் உள்ளே அறுகிறது. கீபோர்டின் முதுகில் சின்னக் கொக்கி ஒன்று இருந்தால், ஒயரை அதில் ஒருமுறை வளைத்து மாட்டிவிட்டுச் செருகுங்கள். யாராவது கால் தடுக்கினாலும் இழுப்பு கொக்கியில் விழும், ஜாக்கில் விழாது. காந்த பிக்கப் உள்ள கிடாரோ மின்-மாண்டலினோ வாசிப்பவர்கள், டிரான்ஸ்பார்மர் அடாப்டர்களைத் தங்கள் இருக்கையிலிருந்து இரண்டு மூன்று அடியாவது தள்ளி வையுங்கள். முக்கியமான கச்சேரிக்குச் சுருதிப் பெட்டியில் பேட்டரி போடும் வசதி இருந்தால் புது பேட்டரியில் ஓட்டுங்கள். பேட்டரியில் 100 ஹெர்ட்ஸ் கிடையாது.

அழைப்பிதழில் கேட்டுக்கொண்டபடி பலர் வீட்டிலிருந்து அடாப்டர்களைக் கொண்டுவந்திருக்கிறீர்கள், பைகளைப் பார்க்கிறேன். பக்கவாட்டு மேசையில் மீட்டர் இரண்டும், வெள்ளை நாடாவும், அழியாத பேனாவும் வைத்திருக்கிறோம். சிவப்பு முனையைப் பிளக்கின் நடுத்துளையிலும் கருப்பு முனையை வெளிப்பக்கத்திலும் வைப்போம். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடு நெகட்டிவ், வராவிட்டால் நடு பாசிட்டிவ். டிசியில் ஒன்றுமே காட்டாவிட்டால் ஏசியில் வைத்துப் பார்ப்போம். ஐந்து கட்டைக்காரர்கள் சுருதிப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தால் முதலில் வாருங்கள். அதை இந்த அரங்கம் அமைதியாக இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.